பழைய லப்டொப்பில் லினக்ஸ், பயர்பொக்ஸ், அனிமே: வன்னியில் புதிதாகத் தொடங்குபவருக்கு

போனின் சின்னத் திரையில் அனிமே பார்த்துக் கண் நோகிறது. ஒரு கணினி இருந்தால் படிக்கவும் ஆகும், பார்க்கவும் ஆகும் என்று நினைக்கிறீர்கள். வீடு கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் எங்கோ ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. கையில் ஒரு லட்சத்துக்குள்தான் காசு. அப்படியானவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலானோர் முதலில் லப்டொப்பை வாங்குகிறார்கள். பிறகு இணைப்புக்கு அலைகிறார்கள். கடைசியில்தான் அதற்குள் என்ன போடுவது என்று யோசிக்கிறார்கள். அலைச்சலில் பாதி இந்த வரிசையால் வருவது. தலைகீழாகச் செய்யுங்கள்: முதலில் சிக்னல், அடுத்து பத்திரங்கள், அடுத்து ஒரு பென் டிரைவ், அதற்குப் பிறகுதான் லப்டொப்.

விலைகளை நான் கிளிநொச்சி, வவுனியா கடைகளில் கேட்டதை வைத்துச் சொல்கிறேன். கடைக்குக் கடை மாறும். 2025 கடைசியிலிருந்து ரேம் (நினைவகம்), எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) விலைகள் ஏறிக்கொண்டிருப்பதால் கொஞ்சம் கூட்டியே கணக்குப் போடுங்கள்.

1. இரவு எட்டு மணிக்குச் சிக்னல் பாருங்கள்

நகரப் பகுதியில், பிரதான வீதியோரம் இருப்பவர்களுக்கு பைபர் இணைப்புக் கிடைக்கலாம். பக்கத்து வீட்டுக்குக் கம்பி வந்திருக்கிறதா என்று கேளுங்கள், அதுதான் சரியான விசாரணை. அக்கராயன், துணுக்காய், ஒட்டுசுட்டான் என்று உள்ளே போகப் போக 4ஜி றவுட்டரை நம்பித்தான் இருக்க வேண்டும்.

றவுட்டர் வாங்குவதற்கு முன் தெரிந்தவர்களிடம் வெவ்வேறு நிறுவனங்களின் சிம்களை இரவல் வாங்கி, உங்கள் போனில் போட்டு, வீட்டுக்குள்ளேயே சோதியுங்கள். காலை பதினொரு மணிக்குப் பார்த்தால் எல்லாச் சிம்மும் பறக்கும். ஊரே போனோடு இருக்கிற இரவு எட்டு மணிக்குப் பாருங்கள். வேகம் காட்டும் தளத்தின் இலக்கத்தை மட்டும் நம்பாமல், ஒரு வீடியோவை 480பி தரத்தில் பத்து நிமிடம் ஓட விடுங்கள். இடையில் நின்று சுற்றினால் அந்தச் சிம் உங்களுக்குச் சரிவராது.

இன்னொன்று, தகரக் கூரை. தகரம் சிக்னலை நன்றாக மறைக்கும். வீட்டு நடுவில் அலுமாரிக்கு மேல் றவுட்டரை வைத்துவிட்டு நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை. கோபுரம் இருக்கிற பக்கத்து யன்னலோரம் வையுங்கள். அதற்கும் வராவிட்டால் வெளி அன்டெனா பொருத்தக்கூடிய றவுட்டரா என்று கேட்டு வாங்குங்கள்.

பக்கேஜ் விபரத்தில் மூன்று இடங்களைக் கட்டாயம் வாசியுங்கள். பகல் டேட்டா, இரவு டேட்டா என்று பிரித்திருக்கிறார்களா, இரவு என்பது எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்பது ஒன்று. ‘அன்லிமிட்டட்’ என்று போட்டிருந்தால் எந்த அளவுக்குப் பிறகு வேகத்தைக் குறைப்பார்கள் என்பது இரண்டாவது. இடையில் நிறுத்தினால் றவுட்டருக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பது மூன்றாவது. வாயால் சொன்னால் கேட்டுக்கொண்டு வராதீர்கள், தாளில் காட்டச் சொல்லுங்கள்.

2. முகவரிப் பத்திரத்தை முன்பே எடுத்து வையுங்கள்

எங்கள் பகுதியில் பலரது தேசிய அடையாள அட்டையில் இருப்பது ஒரு முகவரி, இப்போது இருப்பது வேறு முகவரி. சிம் வாங்க இது பெரிய தடையாக இருக்காது. ஆனால் வீட்டு இணைப்பு, மாதக் கட்டணத் திட்டம் என்று போனால் இப்போதைய முகவரிக்கு ஆதாரம் கேட்பார்கள். நான் போன ஒரு சேவை நிலையத்தில், அட்டையில் வேறு முகவரி என்று திருப்பி அனுப்பினார்கள். விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதத்தோடு போனால், பிரதேச செயலாளரின் மேலொப்பம் இல்லையென்று மறுபடியும் திருப்பினார்கள். இவ்வளவையும் முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

ஆகவே கொண்டு போக வேண்டியவை இவை: தேசிய அடையாள அட்டையும் அதன் இரண்டு பிரதிகளும். உங்கள் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ உள்ள அண்மைய மின்கட்டணப் பட்டியல் அல்லது தண்ணீர்க் கட்டணப் பட்டியல். அதுவும் இல்லாவிட்டால் கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழ், பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு. பட்டியல் அப்பாவின் பெயரில் இருந்தால் அவரின் அடையாள அட்டைப் பிரதியையும் கேட்கக்கூடும், அதையும் கோவைக்குள் வையுங்கள்.

விதானையார் எல்லா நாளும் கந்தோரில் இருக்கமாட்டார், களவேலைக்குப் போவார். எந்த நாள் இருப்பார் என்று போன் எடுத்துக் கேட்டுப் போங்கள். காலையில் அவரிடம் வாங்கினால் அதே நாள் பிரதேச செயலகத்தில் மேலொப்பத்தையும் முடிக்கப் பார்க்கலாம். சான்றிதழ் வாங்கியதும் அதை ஸ்கான் செய்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கும் உதவும்.

இணைப்பை உங்கள் பெயரிலேயே எடுங்கள். நண்பனின் பெயரில் உள்ள சிம்மை றவுட்டரில் போட்டுப் பாவித்தால், அது தொலைந்தாலோ முடங்கினாலோ திருப்பி எடுக்க அவனைத்தான் தேட வேண்டும். அவன் அதற்குள் கட்டாருக்குப் போயிருப்பான்.

3. லப்டொப்புக்கு முன் பென் டிரைவ்

16 ஜிபி பென் டிரைவ் 2,000 ரூபாவுக்குள் வரும். 8 ஜிபியும் போதும். அதில் லினக்ஸ் மின்டை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போகப் போகிறோம். லினக்ஸ் என்பது விண்டோஸைப் போலக் கணினியை இயக்கும் மென்பொருள், மின்ட் அதில் ஒரு வகை. அதற்குக் காசு இல்லை. பென் டிரைவிலிருந்தே அது முழுதாக ஓடும், கணினிக்குள் எதையும் மாற்றாது. கடைக்காரர் என்ன சொன்னாலும் இயந்திரத்தின் உண்மையை நீங்களே பார்க்கலாம்.

ஏன் விண்டோஸ் இல்லை? விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது இன்டெல் 8ஆம் தலைமுறைப் பிராசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும். எங்கள் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும் லப்டொப்புகளில் பல அதற்குக் கீழே. கடையில் எப்படியோ ஏற்றித் தருவார்கள், ‘அக்டிவேற்’ செய்தும் தருவார்கள். அந்த அக்டிவேற் செய்யும் கிராக்கோடு என்ன சேர்ந்து வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. அதே இயந்திரத்தில் வங்கிக் கணக்கைத் திறக்கப் போகிறீர்கள் என்பதை யோசியுங்கள்.

லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த பதிப்பைத் தெரிவு செய்யுங்கள். 4 ஜிபி ரேமிலும் மூச்சு வாங்காது. 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிபி. நேரடியாகத் தரவிறக்கினால் கரண்ட் போகும் நேரத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரலாம். மின்ட் தளத்திலேயே டொரன்ட் கோப்பும் இருக்கிறது. அதை எடுத்து டொரன்ட் செயலி ஒன்றில் திறங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும். இரவு டேட்டாவில் போட்டுவிட்டுப் படுங்கள்.

யாராவது நண்பரிடம் கோப்பு இருந்தால் வாங்கலாம், ஆனால் கோப்பு மாறவில்லை என்று காட்டும் எஸ்எச்ஏ256 இலக்கத்தைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பைத் தூக்கி வீசுங்கள்.

பென் டிரைவில் ஏற்ற ஒரு விண்டோஸ் கணினி வேண்டும். ரியூசன் சென்டரிலோ நண்பர் வீட்டிலோ பத்து நிமிட வேலை. ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருள் போதும். பென் டிரைவில் முன்பு இருந்தது எல்லாம் அழியும், கலியாணப் படங்கள் இருந்தால் முதலில் வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

4. கடையில் என்ன பார்ப்பது

“தம்பி, இது ஐ7, பறக்கும்” என்பார்கள். ஐ5, ஐ7 என்பது கதையில் பாதிதான். மாதிரி இலக்கத்தைப் பாருங்கள். ஐ5-8250யூ என்றிருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 8 என்பது தலைமுறை. ஐ5-10210யூ என்றால் 10ஆம் தலைமுறை. 3ஆம் தலைமுறை ஐ7ஐ விட 8ஆம் தலைமுறை ஐ5 நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெளியே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள், ஸ்டிக்கர் தனியாக விற்கிறது.

வீடியோ பார்க்கப் போகிறவர்களுக்குத் தலைமுறை இன்னொரு விதத்திலும் முக்கியம். யூடியூப் தன் வீடியோக்களைப் பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற சுருக்க முறைகளில் அனுப்புகிறது. விபி9ஐ இன்டெல் சில்லுக்குள்ளேயே முழுமையாக விரிக்கும் வசதி 7ஆம் தலைமுறையிலிருந்து வருகிறது. ஏவி1க்கு 11ஆம் தலைமுறை வேண்டும். அதற்குக் கீழே என்றால் அந்த வேலை முழுவதையும் பிராசசர் தலையில் கட்டும். விசிறி இரையும், பற்றரி இறங்கும், மடியில் வைத்திருந்தால் சுடும். ஆகவே 7ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். 6, 7ஆம் தலைமுறை 45,000 முதல் 60,000 வரை சொல்கிறார்கள். 8ஆம் தலைமுறை 65,000 முதல் 90,000 வரை. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் போதும். ஹார்ட் டிஸ்க் மட்டும் உள்ளதைத் தந்தால் எஸ்எஸ்டி மாற்றும் செலவாக இன்னொரு 10,000 ரூபாவை மனதுக்குள் கூட்டிக்கொண்டு பேரம் பேசுங்கள்.

இனிப் பென் டிரைவை எடுங்கள். கணினியை நிறுத்திச் செருகி, பவர் பொத்தானை அழுத்தியதும் டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஏசுஸ் என்றால் எஸ்கேப் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல் வரும். அதற்குக் கடவுச்சொல் கேட்டால் அந்த லப்டொப்பை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வாருங்கள். வெளிநாட்டுக் கம்பனிகள் கழித்த இயந்திரங்களில், கணினி தொடங்கும் இடத்திலேயே போட்ட பயோஸ் பூட்டு இருக்கலாம். திறந்து தருகிறேன் என்று சொல்பவரையும் நம்ப வேண்டாம்.

மின்ட் திறந்ததும் ஆறுதலாக ஒவ்வொன்றாகப் பாருங்கள். அரை மணித்தியாலம் கேளுங்கள். தராத கடையில் வாங்காதீர்கள்.

பவர் மேனேஜரில் பற்றரியின் ஆரம்பக் கொள்ளளவும் இன்றைய கொள்ளளவும் இருக்கும். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் விலையில் குறைக்கச் சொல்லுங்கள். ‘டிஸ்க்ஸ்’ என்ற செயலியில் ஸ்மார்ட் விபரம் திறந்து, டிஸ்க் நலமாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் போனின் ஹொட்ஸ்பொட்டில் வைபையை இணையுங்கள். பிறகு எழுதும் செயலி ஒன்றைத் திறந்து எல்லா விசைகளையும் ஒருமுறை அழுத்துங்கள். பென் டிரைவை ஒவ்வொரு யூஎஸ்பி வாயிலும் மாற்றிக் குத்துங்கள். வெள்ளைப் பக்கம் ஒன்றை முழுத் திரையில் வைத்துக் கரும்புள்ளி தேடுங்கள். மூடித் திறக்கும் கீல் இறுக்கமாக இருக்க வேண்டும். கடைசியாக ஒரு வீடியோவை முழுத் திரையில் ஐந்து நிமிடம் ஓட விட்டு, விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள். கரகரத்தால் உள்ளே கிரவல் றோட்டுத் தூசு.

குரோம்புக் ஒன்றை லப்டொப் என்று காட்டுவார்கள். விலை அடிமட்டமாக இருக்கும், அழகாகவும் இருக்கும். 32 ஜிபி சேமிப்பு, ரேம் மாற்ற முடியாது, பலதுக்கு அப்டேட் வரும் காலாவதித் திகதியும் முடிந்திருக்கும். வேண்டாம்.

வெளிநாட்டில் இருந்து சித்தப்பா அனுப்பியது என்றால் விசைப்பலகையைப் பாருங்கள். பிரான்ஸில் இருந்து வந்ததில் கியூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ இருக்கும், எம் எல்லுக்குப் பக்கத்தில் போயிருக்கும், இலக்கம் அடிக்கவே ஷிப்ட் பிடிக்க வேண்டும். சுவிஸ், ஜெர்மனி என்றால் வையும் இசட்டும் இடம் மாறியிருக்கும். இது பழுது இல்லை. மின்ட் நிறுவும்போது அமெரிக்க விசைப்பலகை என்று தெரிவு செய்து, விசைகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினால் சரி. மின்கலமேற்றியின் தலை மட்டும் எங்கள் சதுரத் துளைக்குப் பொருந்தாது. அடப்டர் ஒன்று வேண்டும், இறுக்கமாக நிற்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஆடினால் பொறி பறக்கும்.

5. பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்

பாவித்த லப்டொப்பில் இதுதான் பலரும் விடும் இடம். சீட்டில் மாதிரிப் பெயர், அடிப்பகுதியில் உள்ள தொடரிலக்கம், திகதி, விலை, எத்தனை நாள் உத்தரவாதம், எது எதற்கு உத்தரவாதம் என்று எழுதியிருக்க வேண்டும். ‘ஒரு மாதம் வரண்டி’ என்று மட்டும் எழுதினால், பற்றரி போனால் “அதுக்கு இல்லை அண்ணை” என்பார்கள். கடையில்லாமல் ஆளிடம் வாங்கினால் அவரின் அடையாள அட்டைப் பிரதி ஒன்றையும், தன் பொருள்தான் என்று ஒரு வரியும் கையொப்பத்தோடு வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் அது யாருடையதோ.

சீட்டைப் போனில் படமெடுத்து வையுங்கள். கடைகள் தரும் சூட்டில் அடிக்கும் தாள், எங்கள் வெயிலுக்குச் சில மாதத்தில் வெள்ளையாகிவிடும்.

6. நிறுவுவது

இதில் பயப்பட ஒன்றுமில்லை, ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும். பழைய உரிமையாளரின் எதையும் காப்பாற்றத் தேவையில்லை என்றால் ‘முழு டிஸ்க்கையும் அழித்து நிறுவு’ என்பதையே கொடுங்கள். விண்டோஸையும் வைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்து நிறுவலாம் என்று சிலர் சொல்வார்கள். 256 ஜிபியில் அது இடத்துக்கும் கேடு, தலைக்கும் கேடு.

நிறுவும்போது ‘மல்டிமீடியா கோடெக்’ என்ற பெட்டியில் மறக்காமல் டிக் போடுங்கள். அதற்கு இணைப்பு வேண்டும். வைபை வேலை செய்யாவிட்டால் போனை யூஎஸ்பி வயரில் செருகி டெதரிங் போடுங்கள், அநேகமாக உடனே எடுக்கும். நேரவலயத்துக்குக் கொழும்பு.

நிறுவிய கையோடு அப்டேட் கேட்கும். நூற்றுக்கணக்கான எம்பி போகும். பகலில் தொடாதீர்கள். அப்டேட் மனேஜரில் தானாக நிறுவுவதை நிறுத்தி வைத்து, வாரத்தில் ஓர் இரவு நீங்களே செய்யுங்கள். செய்யாமலே விடுவதற்கு இது சாட்டு இல்லை. பிறகு டைம்ஷிப்டைத் திறந்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஏதாவது குழம்பினால் அதற்குத் திரும்பலாம்.

7. பயர்பொக்ஸ்: டேட்டாவைக் காப்பது இதுதான்

மின்டோடு பயர்பொக்ஸ் உலாவி வரும். உடனே குரோமைத் தேடி ஓடாதீர்கள். எனக்கு இதில் பக்கச்சார்பு உண்டு, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் காரணமும் உண்டு. யூபிளொக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பி முழுப் பலத்தோடு பயர்பொக்ஸில் ஓடுகிறது. குரோம் 2025இல் அந்தப் பழைய வகை நீட்சிகளை (உலாவியோடு சேர்க்கும் சின்னச் செயலிகளை) நிறுத்திவிட்டது, அங்கே கிடைப்பது பலம் குறைந்த ‘லைட்’ பதிப்புத்தான். வரையறுத்த டேட்டாவில் இருக்கும் எங்களுக்கு, தானாக ஓடும் விளம்பர வீடியோ ஒவ்வொன்றும் எங்கள் காசு.

நீட்சிப் பக்கத்தில் பெயர் சரியாக இருக்கிறதா, பயர்பொக்ஸ் பரிந்துரைக்கும் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். பெயரில் ஒரு சொல் கூட்டிய போலிகள் எப்போதும் உண்டு. சரி, இன்னொரு பக்கமும் இருக்கிறது: இலவசமாக அனிமே தரும் சேனல்களுக்கு விளம்பரம்தான் வருமானம். நான் செய்தித் தளங்களிலும் தெரியாத தளங்களிலும் தடுப்பியை வைத்துக்கொண்டு, யூடியூப்பில் அந்தப் பொத்தானை அணைத்து வைக்கிறேன். உங்கள் டேட்டா, உங்கள் முடிவு.

அமைப்புகளில் ‘தனியுரிமையும் பாதுகாப்பும்’ பகுதிக்குப் போய், அனுமதிகளுக்குக் கீழே ‘தானியக்கம்’ (ஆட்டோபிளே) என்பதில் ஒலியையும் ஒளியையும் தடுக்கச் சொல்லுங்கள். அதே இடத்தில் அறிவித்தல்களுக்கு ‘புதிதாகக் கேட்பதைத் தடு’ என்று ஒரு டிக் இருக்கிறது. அதையும் போடுங்கள். களவு அனிமே தளங்கள் முதலில் கேட்பதே ‘அலவ்’ அழுத்தச் சொல்லித்தான். அழுத்தினால் நாள் முழுவதும் மூலையில் லொத்தர் விளம்பரம் வரும், போனில் வைரஸ் என்று பொய் எச்சரிக்கை வரும். ஏற்கெனவே அழுத்தியிருந்தால் இதே இடத்தில் அந்தத் தளத்தை நீக்கலாம், கணினியை போர்மட் பண்ணத் தேவையில்லை. இதற்கே 2,000 ரூபா வாங்கிய கடையை நான் பார்த்திருக்கிறேன்.

டிஆர்எம் (நகலெடுப்புத் தடை) உள்ள வீடியோக்களை ஓட விடும் டிக் ஒன்றும் அமைப்புகளில் இருக்கிறது. நெட்பிளிக்ஸ் பார்ப்பதானால் அதைப் போட வேண்டும். லினக்ஸில் நெட்பிளிக்ஸ் மிக உயர்ந்த தரத்துக்குப் போகாது. 14 அங்குலத் திரையில் அது ஒரு குறையே இல்லை.

போனிலும் பயர்பொக்ஸையே போடுங்கள். அண்ட்ராய்ட் பதிப்பில் யூபிளொக் ஒரிஜின் வேலை செய்யும். ஒரே கணக்கில் இரண்டையும் இணைத்தால், பஸ்ஸில் கண்ட பக்கத்தை ஒரு தட்டில் வீட்டு லப்டொப்புக்கு அனுப்பலாம். கடவுச்சொற்களும் சேர்ந்து வரும் என்பதால் போனுக்குக் கட்டாயம் பூட்டு வேண்டும்.

8. தமிழ் எழுத

சொப்ட்வெயார் மனேஜரில் ஐபஸ்-எம்17என் என்று தேடி நிறுவுங்கள். ‘இன்புட் மெதட்’ பகுதியில் ஐபஸைத் தெரிவு செய்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். பிறகு தமிழுக்குக் கீழே தமிழ்99, ரெங்கநாதன், ஒலிப்பு முறை எல்லாம் வரும். பாமினி அடித்துக் கை பழகியவர்களுக்கு ரெங்கநாதன் கிட்ட வரும். புதிதாகப் பழகுபவர் தமிழ்99 எடுங்கள்.

பள்ளிக்கூட வினாத்தாள், சங்கக் கடிதம் எதையாவது திறந்தால் ஆங்கில எழுத்தாகக் குப்பையாகத் தெரியும். கோப்பு பழுதில்லை, அது பாமினி எழுத்துரு. எழுத்துருவை நிறுவினால் தெரியும். யாருக்காவது அனுப்ப வேண்டுமென்றால் யூனிகோடுக்கு மாற்றி அனுப்புங்கள்.

9. அனிமே: எங்கே, எவ்வளவு டேட்டா

காசில்லாமலும் களவில்லாமலும் பார்க்க யூடியூப்பில் இரண்டு சேனல்கள்: மியூஸ் ஏசியா, அனி-வன் ஏசியா. தெற்காசிய, தென்கிழக்காசிய நாடுகளுக்கென்று உரிமம் வாங்கிப் போடுபவர்கள், ஆங்கில வசன வரிகளோடு. ஒரு தொடர் உங்கள் நாட்டில் இல்லை என்று காட்டினால் அது உரிமப் பிரச்சினை, உங்கள் கணினிப் பிரச்சினை இல்லை. சில தொடர்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு எடுத்துவிடுவார்கள், ஆகவே பாதியில் விட்டு வைக்காதீர்கள்.

காசு கட்டும் சேவைகளுக்கு வங்கி டெபிட் அட்டை போதும், ஆனால் இணையப் பரிவர்த்தனைக்கும் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கும் அது திறந்திருக்க வேண்டும். வங்கிக் கிளைக்கு அடையாள அட்டையோடு போய் ஒரு படிவம் நிரப்பிக் கேளுங்கள். வங்கியில் உள்ள போன் இலக்கம் இப்போது உங்கள் கையில் இருக்கும் சிம்தானா என்பதையும் அப்போதே சரிபாருங்கள். ஓடிபி பழைய சிம்முக்குப் போனால் கட்டவே முடியாது. முதல் மாதக் கட்டணம் போனதும் மறுமாதம் எந்தத் திகதியில் வெட்டுவார்கள் என்று குறித்து வையுங்கள்.

இனிக் கணக்கு. நெட்பிளிக்ஸே சொல்லும் அளவுப்படி, நடுத்தரத் தரத்தில் மணித்தியாலத்துக்கு 0.7 ஜிபி வரை போகும், எச்டி என்றால் 3 ஜிபி வரை. அனிமே ஒரு பாகம் 24 நிமிடம் என்று வையுங்கள். நடுத்தரத்தில் பாகத்துக்கு 280 எம்பி, 12 பாகத் தொடருக்குக் கிட்டத்தட்ட 3.4 ஜிபி. எச்டியில் அதே தொடர் 14 ஜிபியைத் தாண்டும். தரத்தைத் ‘தானாக’ என்று விட்டால் சிக்னல் நன்றாக உள்ள நேரம் பார்த்து மேலே ஏறிவிடும். கையால் 480பியில் பூட்டுங்கள். அனிமேயில் பெரிய வண்ணப் பரப்புகளும் அசையாத பின்னணியும் அதிகம் என்பதால் நன்றாகச் சுருங்கும், 480பியிலும் பார்க்க நன்றாகவே இருக்கும். சண்டைக் காட்சி நிறைந்த பாகத்துக்கு மட்டும் 720பி போடலாம். அதற்கு விரதம் இருக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

பழைய பிராசசரில் 720பி திக்கினால், யூடியூப் வீடியோவில் வலச்சொடுக்கி ‘ஸ்டாட்ஸ் போர் நேர்ட்ஸ்’ திறந்து எந்தச் சுருக்க முறை ஓடுகிறது என்று பாருங்கள். ஏவி1 என்றிருந்தால், எச்264 முறைக்கு மாற்றும் நீட்சி ஒன்று பயர்பொக்ஸுக்கு இருக்கிறது. கணினி குளிரும். ஆனால் அதே தரத்துக்கு எச்264 கூடுதல் டேட்டா கேட்கும். 480பிக்கு இந்த நீட்சி தேவையில்லை, பழைய பிராசசரே அதை இழுத்துக்கொண்டு போய்விடும்.

வீடியோவை மூலையில் சின்னதாக மிதக்க விடும் வசதி பயர்பொக்ஸில் உண்டு, யூடியூப்பில் வசன வரிகளும் சேர்ந்தே வரும். படிக்கும்போது பாவிக்கச் சொல்லவில்லை.

10. மாரி வரும் முன்

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் எங்கள் பக்கம் மோசம். இடி தூரத்தில் கேட்டதும் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள், ஆளியை அணைப்பது மட்டும் போதாது. றவுட்டரின் மின்கம்பியையும், வெளி அன்டெனா இருந்தால் அதன் கம்பியையும், லப்டொப்புக்கு நெட்வேர்க் வயர் ஓடினால் அதையும் கழற்றுங்கள்.

கரண்ட் மட்டும் போகிற நாட்களுக்கு றவுட்டருக்கென்று ஒரு மினி டிசி யூபிஎஸ் வாங்கலாம், 4,000 முதல் 6,000 ரூபா வரை. றவுட்டரின் அடப்டரில் 12 வோல்ட் 1 அம்பியரா, 2 அம்பியரா என்று வாசித்து, அதே அளவு தருவதை எடுங்கள். லப்டொப்புக்கு யூபிஎஸ் வேண்டாம், அதற்குள்ளேயே பற்றரி இருக்கிறது.

வருடத்துக்கு ஒருமுறை, சித்திரை வெயிலுக்கு முன், அடிமூடியைத் திறந்து விசிறியைத் துடைத்து வெப்பப் பசை மாற்றுங்கள். கடையில் 1,500 முதல் 2,500 ரூபா வரை கேட்பார்கள். உங்கள் கண் முன்னாலேயே செய்யச் சொல்லுங்கள். விட்டுவிட்டு வந்தால் 8 ஜிபி ரேம் போய் 4 ஜிபியாகத் திரும்பி வருவதும் உண்டு. கொடுக்கும் முன்னும் எடுத்த பின்னும் ரேம் அளவையும் டிஸ்க்கின் தொடரிலக்கத்தையும் திரையில் படமெடுத்து வையுங்கள்.